வாப்பாட கால் எரிவுக்கு நரம்பு வளக்கிற கெப்சூல் வாங்கலாமா?

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர் ஒண்டில இருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிரிக்காங்க. ஊரும் பேரும் போட வேணாம் எண்டு கேட்டதால போடல்ல, ஒண்டு ரெண்டு விசயத்த மாத்தியும் இரிக்கன். அவங்கட வாப்பாக்கு 61 வயசு, வயல் செய்றவர், 14 வருசமா சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போறவர்தான், ஆனா விதைப்பு, அறுவட எண்டு வந்தா ரெண்டு மூணு மாசம் விட்டுப் போயிரும். ரெண்டு வருசமா ராவையில ரெண்டு பாதமும் எரியுதாம், போர்வ பட்டாலே தாங்க ஏலாதாம், சீமெந்து நிலத்தில கால வெச்சிக்கிட்டுத்தான் படுக்கிறாராம். எரிவுக்கு எண்டு உம்மா ஒவ்வொரு நாள் ராவையும் சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கால ஊற வெச்சி தைலம் பூசி விடுறாங்க. இப்ப ஆறு மாசமா இடது கால் விரல் பக்கம் எரிவு குறஞ்சிட்டுதாம், "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இரிக்கு" எண்டு சொல்றாராம், சுகமாகிற அடையாளம்தான் இது எண்டு வீட்டில எல்லாருக்கும் சந்தோசம்.

கட்டார்ல வேல செய்ற காக்கா நெட்ல தேடி என்ஜிஎஃப் எண்டு ஒண்டக் கண்டுபிடிச்சிரிக்கார். நரம்பு வளர்ச்சிக் காரணியாம், அத உடம்பில கூட்டுற காளான் கெப்சூல் ஆறு மாசம் எடுத்தா செத்த நரம்பு திரும்ப முளைக்குமாம். சேத்து வெச்ச காசில பெரிய பங்கு அதுக்குப் போகும். தங்கச்சிட மாப்பிள்ள பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், அவர் வாசிச்சது நேர்மாறு, அதே என்ஜிஎஃப்ப மறிக்கிற ஊசி போட்டாத்தான் நோவு போகும் எண்டு இரிந்திச்சாம். "ஒராள் கூட்டச் சொல்றார், ஒராள் மறிக்கச் சொல்றார், ரெண்டும் எப்பிடி டொக்டர் சரியாகும்? கிளினிக்ல இதக் கேட்டா ஏசுவாங்களோ எண்டு பயமா இரிக்கு" எண்டு முடிச்சிரிக்காங்க.

தங்கச்சி, பதில் நீளமா வரும், ஆனா ஒரு விசயத்துக்கு நீளம் பாக்க நேரமில்ல, அத முதல் சொல்லிடுறன். இண்டைக்கு ராவையில இருந்து அந்தச் சுடுதண்ணிய நிப்பாட்டச் சொல்லுங்க. உம்மா பாசத்தில செய்றாங்க, அது விளங்குது. ஆனா அந்தத் தண்ணி எவ்வளவு சூடு எண்டு வாப்பாட காலுக்குத் தெரியாது, உம்மாட கைக்கு அளவான சூட்டில அரைமணித்தியாலம் ஊறினாலே விறைச்ச கால் வெந்து போகலாம், கொப்பளம் போட்ட பிறகுதான் தெரிய வரும். அப்பிடி வெந்த கால கனக்கப் பாத்திரிக்கன். அதோட அந்த இடது கால் விரல்கள டோர்ச் அடிச்சி மேல, கீழ, விரல் இடுக்கு எல்லாம் பாருங்க. சின்னக் கீறல், தோல் தடிப்பு, கறுப்பு, நாத்தம் ஏதும் இரிந்தா மிச்சத்த வாசிக்க முன்னம் ஆளக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போங்க.

இனி உங்கட கேள்வி. காக்காவும் மாப்பிள்ளையும் ரெண்டு பேருமே பொய் சொல்லல்ல, ரெண்டு பேரும் ஒரே சாமான்ட ரெண்டு பக்கத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. குழப்பத்துக்குக் காரணம் "வளர்ச்சிக் காரணி" எண்ட பேருதான். பேரக் கேட்ட உடன பயிருக்கு யூரியா போடுற மாதிரி, போட்டா வளரும், கூடப் போட்டா கூட வளரும் எண்டு மனசில ஒரு படம் வந்திரும். அந்தப் படம் பிழை.

அது உரமில்ல, சேதி

வாப்பாட பெருவிரல்ல ஒரு முள்ளுக் குத்தினா அத உணர்ற நரம்புக் கலம் எங்க இரிக்கு தெரியுமா? விரல்ல இல்ல. நாரிப் பக்கம், முள்ளந்தண்டு ஓரத்தில சின்ன முடிச்சு மாதிரி ஒரு இடம் இரிக்கு, கலத்துட உடல் அங்கதான். அங்க இருந்து தலைமயிர விட மெல்லிசான ஒரு இழை தொடை, கணுக்கால் எல்லாம் தாண்டி விரல் நுனி வரைக்கும் போகுது, கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். நுனிக்குத் தேவையான புரதம் எல்லாம் அனேகமா மேல நாரியிலதான் உண்டாகி கீழ இறங்கி வரவேணும்.

நீங்க வயல் செய்ற வீடு, அதால இப்பிடிச் சொல்றன். இங்கினியாகலைக் குளத்துத் தண்ணி கல்லோயா வாய்க்கால் வழியா எத்தின வட்டை தாண்டி கடைசியில கரையோரப் பக்கத்து வயலுக்கு வருது. தண்ணி குறஞ்சா முதல்ல காயுறது கடைக்கோடி வயல்தான். சீனி வருத்தத்தில கைக்கு முதல் கால், காலிலயும் விரல் நுனி முதல் பாதிக்கப்படுறது ஏன் எண்டா, அதுகள்தான் ஆக நீளமான வாய்க்கால்ட கடைசி. சரி, கடைக்கோடி வயல் காய்ஞ்சா குளத்தடிக்கு எப்பிடித் தெரியும்? வட்டவிதானையார் போய்ச் சொல்லவேணும், இங்க இவ்வளவு வேணும், இந்த வாய்க்கால இத்தின நாளைக்குத் திறங்க எண்டு. என்ஜிஎஃப் செய்றது அந்த வட்டவிதானையார்ட வேல. தோல்ல இரிக்கிற கலங்கள் அத சொட்டுச் சொட்டா உண்டாக்குது, நரம்பு நுனியில ட்ரெக் ஏ எண்டு ஒரு வாங்கி இரிக்கு, அது என்ஜிஎஃப்பப் பிடிச்சி, ரெண்டும் சேந்து ஒரு குட்டிப் பையில அடைபட்டு, அந்த ஒரு மீற்றர் தூரத்தயும் ஏறி நாரிக்குப் போகுது, நாள் கணக்கா எடுக்கும். போய்ச் சேந்த பிறகு கலத்துக்குள்ள சில மரபணுக்கள் கூட வேல செய்யும், சிலது அடங்கும். எந்தப் பொருள எவ்வளவு செய்யிறது எண்டு கலம் தீர்மானிக்கிறது அந்தச் சேதிய வெச்சித்தான்.

அப்பிடிச் செய்ற பொருள்ல முக்கியமானது ரெண்டு. ஒண்டுக்குப் பேரு சப்ஸ்டன்ஸ் பி, 1931ல வொன் ஒய்லரும் கேடமும் கண்டுபிடிச்சது. மத்தது சிஜிஆர்பி. நோவுச் சேதிய முள்ளந்தண்டுக்குள்ள அடுத்த நரம்புக்குக் கைமாத்திக் குடுக்கிறது இதுகள். 1989ல லின்ட்சே, ஹார்மர் எண்டு ரெண்டு ஆய்வாளர்கள் வளந்த எலிகள்ட உணர்வு நரம்புக் கலங்கள எடுத்து தட்டில வளத்துப் பாத்தாங்க. என்ஜிஎஃப் குடுக்காட்டியும் கலங்கள் சாகல்ல, அதான் முக்கியம், உயிரோட இரிந்திச்சி, ஆனா சப்ஸ்டன்ஸ் பியும் சிஜிஆர்பியும் செய்றது குறஞ்சி போச்சி. என்ஜிஎஃப் குடுத்த உடன அந்த மரபணுக்கள் திரும்ப வேல செய்யத் தொடங்கிச்சி. வளந்த உடம்பில என்ஜிஎஃப்ட முக்கியமான வேல நரம்ப முளைக்கப் பண்றதில்ல, நரம்புக்கலம் என்ன செய்யவேணும் எவ்வளவு செய்யவேணும் எண்டு சொல்றது.

அப்ப "வளர்ச்சி" எண்டு ஏன் பேரு வெச்சாங்க? கண்டுபிடிச்சது கருவில. ரீட்டா லெவி மொன்டால்சினி எண்டு ஒரு இத்தாலி யூதப் பெண் டொக்டர், முசோலினிட இனச் சட்டத்தால வேல போய், யுத்த நேரத்தில வீட்டுப் படுக்கையறையில கோழி முட்டைகள வெச்சி ஆராய்ச்சி செய்தவங்க. யுத்தம் முடிஞ்ச பிறகு 1947ல அமெரிக்காவுக்குப் போய் செயின்ட் லூயிஸ்ல ஹம்பர்கர்ட ஆய்வுகூடத்தில எலிட புற்றுக்கட்டி ஒண்ட கோழிக் கருவில ஒட்டினா அந்தப் பக்கம் நரம்பு காடு மாதிரி வளருது எண்டு கண்டாங்க. கருவில இரிக்கிற உணர்வு நரம்புகள் அந்தப் பொருள் கிடைக்காட்டி மெய்யாவே செத்துப் போகும், அதால அந்தப் பேரு. ஸ்டான்லி கோஹென் அதச் சுத்தப்படுத்தப் பாம்பு விசத்தப் பாவிச்சார், பாத்தா அந்த விசத்திலயே கட்டிய விடக் கூட என்ஜிஎஃப் இரிந்திச்சி, பிறகு எலிட உமிழ்நீர்ச் சுரப்பியில இன்னும் கூட. 1986ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அந்த அம்மா 103 வயசு வரைக்கும் இரிந்தாங்க. கருவுக்கு வெச்ச பேர 61 வயசு வாப்பாட காலுக்கு அப்பிடியே கொண்டு வந்ததாலதான் கெப்சூல் விக்கிறவனுக்கு வசதியாப் போச்சி.

எரிவு ஒரு கதை, விறைப்பு வேற கதை

ஒரு சின்ன வேல செய்து பாருங்க. உங்கட முன்னங்கையில நகத்தால கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு கீறுங்க. கோடு சிவக்கும், அது சரி, ஆனா ஒரு நிமிசத்துக்குள்ள கோட்டுக்கு வெளியிலயும், நீங்க தொடாத இடத்திலயும் சூடு பரவும், நம்மட நிறத்தில சிவப்பு அவ்வளவு தெரியாட்டியும் தடவிப் பாத்தா தெரியும். அந்தப் பரவல் நரம்பு செய்றது. நோவுச் சேதி மேல போற அதே நேரம், பக்கத்துக் கிளை வழியாத் திரும்பி வந்து தோல்ல சிஜிஆர்பியும் சப்ஸ்டன்ஸ் பியும் விடுது, இரத்தக் குழாய் விரியுது, காயம் மாத்துற சாமானெல்லாம் அந்த இடத்துக்கு வருது. நோவுக்கு எண்டு நினைக்கிற அதே பொருள்தான் காலுக்குக் காவலும். சீனி வருத்தத்தில நரம்பு கெட்ட கால்ல இந்தப் பரவல் குறஞ்சி போகும். நோவும் வராது, காயமும் மாறாது, ரெண்டும் சேந்து வாற காரணம் இதுலயும் கொஞ்சம் இரிக்கு.

இப்ப மத்தப் பக்கம். ஒரு இடம் அடிபட்டு வீங்கினா அங்க என்ஜிஎஃப் கூடும். நரம்பு நுனியில கொச்சிக்காய்ட உறைப்பையும் சூட்டையும் உணர்ற ஒரு கதவு இரிக்கு, டிஆர்பிவி1 எண்டு பேரு, 1997ல டேவிட் ஜூலியஸ்ட ஆய்வுகூடம் கண்டுபிடிச்சது, 2021ல அவருக்கு அதுக்கு நோபல் கிடைச்சது. சாதாரணமா அது 43 பாகை செல்சியசுக்கு மேலதான் திறக்கும். என்ஜிஎஃப் வந்தா அந்தக் கதவு நிமிசக் கணக்கில இளகிரும், பிறகு நாரியில இருந்து புதுக் கதவுகளும் கூடச் செய்து இறக்கும். உடம்புட சாதாரணச் சூடே நெருப்பு மாதிரித் தெரியும். சுகமா இரிக்கிற ஆக்களுக்கு தோலுக்குள்ள என்ஜிஎஃப் ஊசி போட்டுப் பாத்தப்ப அந்த இடம் தொட்டாலே நோவாப் போச்சி, அதுவும் நாள் கணக்கா. உங்கட மாப்பிள்ள வாசிச்சது இந்தப் பக்கம்.

அதால கூடினா நோவு, குறைஞ்சா வறட்சி. சீனி வருத்தக் கால்ல இந்த ரெண்டு கூத்தும் ஒரே பாதத்தில நடக்கும். சில இழை செத்துப் போகும், சாகாம மிஞ்சின இழை காயப்பட்டு தானாவே கத்திக்கிட்டு இரிக்கும், அதுதான் ராவையில எரிவு. கத்துறதுக்கும் ஆள் இல்லாமப் போனா எரிவு நிக்கும்.

இத எழுதக் கஸ்டமாத்தான் இரிக்கு தங்கச்சி, ஆனா மறைக்கக் கூடாது. இடது விரல் பக்கம் எரிவு குறஞ்சது சுகமாகிறதில்ல. எரிவு குறஞ்சி தொட்டா நல்லாத் தெரியுது எண்டா அது சுகம். எரிவு குறஞ்சி பஞ்சு மாதிரி இரிக்கு எண்டா வருத்தம் அடுத்த படிக்குப் போயிட்டுது. ஒரு ஐயா என்னட்ட வந்தார், கால் நோவில்ல, வேற அலுவலுக்கு வந்தவர், செருப்பக் கழட்டுங்க எண்டன், ஒரு கால் செருப்பு கழண்டுது, மத்தது கழரல்ல. "ஏன் டொக்டர் இது ஒட்டிக்கிட்டு இரிக்கு" எண்டு சிரிச்சிக்கிட்டுக் கேக்கிறார். குனிஞ்சி பாத்தன், ஓட்டுக்கு அடிக்கிற ஆணி ஒண்டு செருப்பு அடியால ஏறி பாதத்துக்குள்ள நிக்கிது, செருப்பும் காலும் சேத்துத் தைச்ச மாதிரி. எப்ப ஏறின எண்டு அவருக்குத் தெரியாது. காலயில இருந்து அதோடதான் நடந்திரிக்கார். உங்கட கடிதத்தில "எல்லாருக்கும் சந்தோசம்" எண்ட வரிய வாசிச்சப்ப அந்த ஐயாட சிரிப்புத்தான் ஞாபகம் வந்திச்சி.

கூட்டிப் பாத்தாங்க, மறிச்சும் பாத்தாங்க

காக்கா நினைக்கிற வைத்தியத்த பெரிய ஆய்வாளர்களும் நினைச்சிரிக்காங்க. சீனி வருத்தம் உண்டாக்கின எலிகளுக்கு என்ஜிஎஃப் குடுத்தா குறஞ்சி போன சப்ஸ்டன்ஸ் பியும் சிஜிஆர்பியும் திரும்பக் கூடிச்சி. மனிசர்லயும் 250 பேர்ட முதல் ஆய்வில நல்ல அறிகுறி தெரிஞ்சிச்சி. பிறகு 1019 பேருக்கு, கிழமைக்கு மூணு தரம், 48 கிழமை ஊசி போட்டுப் பாத்தாங்க, 2000ஆம் ஆண்டில முடிவு வந்திச்சி, வெறும் ஊசி போட்ட ஆக்களுக்கும் இவங்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்ல. ஊசி போட்ட இடம் நொந்ததுதான் கூட. கூடப் போட்டா நோவு தாங்க ஏலாது, தாங்கிற அளவு போட்டா காலுக்குப் போதாது எண்ட சிக்கல்தான் இது எண்டு நான் விளங்கிக்கொள்றன்.

மறிக்கிற பக்கமும் லேசில்ல. டனெசுமாப் எண்டு ஒரு ஊசி, என்ஜிஎஃப்பப் பிடிச்சிக் கட்டி வைக்கும், முழங்கால் தேய்வு நோவுக்கு மெய்யா வேல செய்திச்சி. ஆனா சிலருக்கு மூட்டு சடுதியா அழிஞ்சி போச்சி. 2021 மார்ச்ல அமெரிக்காவில ஆலோசனைக் குழுவில 19 பேர் வேணாம் எண்டாங்க, ஒராள்தான் ஓம் எண்டார், அந்த வருசமே கம்பனி கைவிட்டுட்டுது. இன்னொரு விசயம், பிறவியிலயே ட்ரெக் ஏ வாங்கி பழுதான பிள்ளைகள் இரிக்காங்க, மிக அபூர்வம், அவங்களுக்கு நோவே தெரியாது, வேர்க்கவும் மாட்டாது, நாக்கக் கடிச்சிக் கிழிச்சிக்கொள்ளுவாங்க, எலும்பு முறிஞ்சாலும் நடப்பாங்க. என்ஜிஎஃப்ப முழுக்க மறிச்சா எங்க போய் நிக்கும் எண்டதுக்கு அதான் கண்ணால காணுற சாட்சி.

ஒரு இடத்தில மட்டும் குடுக்கிறது நல்லா வேல செய்திரிக்கு, கண்ணில. கருவிழி நரம்பு செத்துப் புண்ணாகிற ஒரு வருத்தத்துக்கு என்ஜிஎஃப் சொட்டு மருந்து 2018ல அமெரிக்காவில அனுமதி எடுத்திச்சி. கண்ணில சொட்டு விழுற இடமும் நரம்பு நுனியும் ஒண்டு. காலுக்கு அப்பிடி ஒரு வழி இன்னும் கிடைக்கல்ல.

கெப்சூலுக்கு வருவம். அது லயன்ஸ் மேன் எண்ட காளானா இரிக்கும், பெரும்பாலும் அதத்தான் இந்தப் பேர்ல விக்கிறாங்க. அதுல இரிக்கிற சில பொருள் ஆய்வுகூடத் தட்டில கலங்கள்ட என்ஜிஎஃப்பக் கூட்டுறது உண்மதான். ஆனா தட்டில கூடுறதும், வாயால முழுங்கி 14 வருசச் சீனி வருத்தக் கால்ட பெருவிரல் தோல்ல கூடுறதும் ஒண்டில்ல, அத நிரூபிச்ச பெரிய மனித ஆய்வு இல்ல. என்ஜிஎஃப்பையே குளிசையா அடைச்சித் தந்தாலும் அது புரதம், முட்டை மாதிரி வயித்தில சமிச்சிப் போகும். அதுக்கும் மேல ஒண்டு இரிக்கு, இத காக்காக்கு விளங்கப்படுத்துங்க: பஞ்சு மேல நடக்கிற உணர்வு வாறது தடிச்ச நரம்பு கெட்டதால. தொடுகை, அழுத்தம், கால் எங்க நிக்கிது எண்டதச் சொல்ற அந்த நரம்புகள்ல ட்ரெக் ஏ வாங்கி பெரும்பாலும் இல்ல, அதுகள் கேக்கிறது என்டி-3 மாதிரி வேற காரணிகள்ட சேதிய. நோவு நரம்புகள்லயும் ஒரு பங்கு ஜிடிஎன்எஃப் எண்ட வேற ஒண்டத்தான் கேக்கும். அந்தக் கெப்சூல் சொன்ன மாதிரியே வேல செய்தாலும் வாப்பாட பஞ்சுக்கு அது மருந்தில்ல.

நான் வாங்க வேணாம் எண்டுதான் சொல்லுவன். இன்னொண்டும் யோசிங்க, நம்மட நாட்டில மருந்து எண்டு விக்கிறத்துக்கு 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதிவு வேணும். சூட்கேசுக்குள்ள வாற போத்தலுக்குள்ள என்ன இரிக்கு எண்டு பாக்க ஒருத்தரும் இல்ல. ஆகப் பெரிய பயம் எனக்கு அந்தக் காளானில்ல, "இயற்கை மருந்து வந்திட்டு" எண்டு வாப்பா கிளினிக் குளிசைய விட்டுருவாரோ எண்டதுதான்.

கிளினிக்ல என்ன கேக்கிறது

ஏசுவாங்க எண்டு பயப்பட வேணாம். அரசாங்க ஆசுபத்திரியில இதுக்குக் காசில்ல, வாப்பாட வருத்தம் என்ன, குடுக்கிற மருந்து என்ன எண்டு கேட்டு அறியிறது உங்கட உரிம. சனம் கூடின நாளில ஒராள் சினந்து கதைச்சாலும் மனசுல எடுக்காம அடுத்த ஆளிட்டக் கேளுங்க. போகமுன்னம் கொப்பியில ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க, அங்க போனா மறந்திரும்.

முதல்ல "டொக்டர், வாப்பாட சப்பாத்தக் கழட்டிக் கால ஒருக்காப் பாருங்க" எண்டு கேளுங்க. மெல்லிய நைலோன் இழையால பாதத்தில தொட்டு, கண்ண மூடிக்கிட்டுத் தெரியுதா எண்டு பாப்பாங்க, அதிர்வுக் கவையக் கணுக்கால்ல வைப்பாங்க, பாதத்து நாடி பாப்பாங்க, அஞ்சு நிமிச வேல. அடுத்தது மூணு மாசச் சீனிக் கணக்கு, அதான் எச்பிஏ1சி. பிறகு விற்றமின் பி12. வாப்பா வருசக் கணக்கா மெட்ஃபோர்மின் எண்ட சீனிக் குளிசை குடிக்கிறவரா இரிந்தா பி12 குறஞ்சிரிக்க இடமிரிக்கு, அதுவும் இதே மாதிரிக் கால விறைக்கப் பண்ணும், அப்பிடி இரிந்தா அதுக்கு மருந்து லேசு. கிட்னியும் தைரொயிட்டும் பாக்கிறது நல்லம்.

எரிவுக்கு மெய்யாவே மருந்து இரிக்கு, அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபாலின், டியூலொக்சடின், இதுல ஒண்டத் தருவாங்க. இதுகள் நரம்ப மாத்தாது, கத்துறதக் குறைக்கும், நித்திர வரும். ஆனா பாமசியில நேர போய் வாங்க வேணாம். அமிட்ரிப்டிலின் வயசான ஆம்பிளையளுக்கு மூத்திரத்த மறிக்கும், இருதயம் பாத்துத்தான் குடுக்கவேணும், கபாபென்டின் கிட்னிக்கு ஏத்த மாதிரி அளவு மாத்தவேணும், எதக் குடிச்சாலும் முதல் கொஞ்ச நாள் தலை சுத்தும், ட்ராக்டர் ஓட விட வேணாம். கொச்சிக்காய்ல இருந்து எடுக்கிற கெப்சாய்சின் கிறீமும் இரிக்கு, நான் சொன்ன அந்தக் கதவையே திறந்து திறந்து களைக்கப் பண்ணி நுனிய அடக்குற மருந்து. வாப்பாட கால் ஏற்கனவே விறைச்சிரிக்கிறதால டொக்டர் பாத்துச் சொல்லாம அதுல கை வைக்க வேணாம்.

சீனியக் குறைக்கிறதில ஒரு கவனம். மாப்பிள்ள படிச்சவர், இத வாசிச்ச உடன சோத்த நிப்பாட்டி ஒரு மாசத்துக்குள்ள சீனிய அடிச்சிக் குறைக்கப் பாப்பார். கன நாள் உயரமா இரிந்த சீனிய சடுதியா இறக்கினா சிலருக்கு எரிவு புதுசா கிளம்பி ஆளப் படுத்திப் போடும். மாசக் கணக்கா மெல்ல மெல்ல இறக்கவேணும், கிளினிக் தவறாம. செத்த நரம்பு திரும்பி வரும் எண்டு வாக்குத் தர என்னால ஏலாது, மிஞ்சினதக் காப்பாத்தலாம், அது கொஞ்ச விசயமில்ல. நோன்புக்கு ரெண்டு மாசம் முன்னமே டொக்டரிட்டக் கேட்டு குளிசை நேரத்த மாத்திக்கொள்ளுங்க.

வாப்பாட கால், ஒரு நாளைக்கு அஞ்சு தரம்

உங்கட வாப்பா அஞ்சு நேரமும் வுழூ செய்றவர் எண்டு கடிதத்தில இரிக்கு. கால் கழுவுற ஒவ்வொரு தரமும் விரல் இடுக்கு வரைக்கும் கை போகுது, இத விட நல்ல பரிசோதனை கிடைக்காது. கழுவின பிறகு ஒரு சின்னத் துண்டால இடுக்குகள ஒத்தி உலத்தச் சொல்லுங்க, ஈரம் நிண்டா சேத்துப்புண் வரும், அதுக்குள்ளால கிருமி ஏறும். இசாவுக்குப் பிறகு பேரப்பிள்ள ஒண்டு போனால உள்ளங்கால ஒரு படம் எடுத்துக் காட்டட்டும், அவருக்குக் குனிஞ்சி அடிப்பாதம் பாக்க ஏலாதே. லுஹருக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள வெயில்ல காய்ஞ்ச தரையில வெறுங்கால் வைக்க வேணாம், படி வரைக்கும் செருப்போட போகட்டும். போடுறதுக்கு முன்னம் செருப்பையும் சப்பாத்தையும் தட்டி, உள்ளுக்குக் கைய விட்டுப் பாக்கவேணும்.

வயலுக்கு இறங்காதீங்க எண்டு நான் சொன்னா அவரு கேக்கமாட்டார், நீங்க சொன்னாலும் கேக்கமாட்டார். வரம்பில நிக்கிற வேலையா எடுத்துக்கொள்ளட்டும், இறங்கத்தான் வேணும் எண்டா உள்ளுக்குக் கல்லு மண்ணு இல்லாத றப்பர் பூட்ஸ். கால்ல காயம் இரிந்தா சேத்துக்குள்ள இறங்கவே கூடாது, நம்மட பக்கம் போகத்துக்குப் போகம் எலிக்காய்ச்சல் வாற வழி அதான், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாரிட்டத் தடுப்புக் குளிசையும் கேட்டுப் பாருங்க. காயம் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடா சிவந்தா "நோகல்ல தானே" எண்டு விட்டுராதீங்க, உள்ளுக்கு எலும்பு நொறுங்குற அடையாளமா இரிக்கலாம், அண்டைக்கே காட்டவேணும்.

காக்காவோட சண்டைக்குப் போக வேணாம். தூரத்தில இரிக்கிற பிள்ளைக்கு வாப்பாட கால் எரிவ போன்ல கேட்டுக்கிட்டு சும்மா இரிக்க ஏலாது, அதுதான் அந்தக் கெப்சூல். அந்தக் காசில வேற சாமான் கேளுங்க. சீனி பாக்கிற மெசின்ட ஸ்ட்ரிப் நாலஞ்சு பெட்டி, தையல் விரல்ல படாத வெள்ளப் பருத்தி மேசு ஆறு சோடி, முன்பக்கம் அகலமா, அடி தடிப்பா, மூடின சப்பாத்து ஒண்டு. சைஸ் இலக்கத்த மட்டும் சொன்னா சரிவராது. வாப்பாவ வெள்ளத் தாள் மேல நிக்க வெச்சி ரெண்டு கால் ஓரத்தயும் பென்சிலால கீறுங்க, காலயில கீற வேணாம், அசருக்குப் பிறகு கீறுங்க, அந்நேரம்தான் கால் கொஞ்சம் வீங்கி அதுட முழு அளவில இரிக்கும். கீறின கோட்டுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு இன்னொரு கோடு போட்டு, அந்தப் படத்த காக்காக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க.